பாரா

தேவகோட்டை கிளைச்சிறையில்
ராத்திரி பத்திலிருந்து ரெண்டு வரை என் பாரா.
உள்ளே பத்தொன்பது பேர்.
எண்ணி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து
ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: சரி.

சேவுகன் பம்புசெட் மோட்டார் திருடியவன்.
ஜாமீனுக்கு ரெண்டு பேர் கையெழுத்துப் போதும்.
நாற்பத்தியொரு நாளாக ஒருத்தரும் வரவில்லை.
முதலில் அவன் பேச்சு நின்றது. பிறகு சோறு.
பிறகு தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான்,
அவசரமே இல்லாமல்,
உள்ளே ஆள் இருப்பது தெரிந்து
கதவைத் தட்டுகிறவன் மாதிரி.

அன்றைக்குப்
பின்தெருப் பெரிய வீட்டில் சினிமா எடுத்தார்கள்.
முட்டைவெள்ளைச் சுவரில் முகம் பார்க்கலாம் என்று
மெட்ராஸ்காரர்களுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை.
எங்கள் சுவர் சொரசொர சிமெண்ட், மேலே சுண்ணாம்பு.
அவர்கள் விளக்கு வெளிச்சத்தில்
எங்கள் வேப்பமரம் காய்ச்சல்காரன்போல வெளுத்துத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு முதல் டம்மி வெடி.
சேவுகன் கத்தினான்.
பதினெட்டுப் பேரும் எழுந்து
தட்டால் கம்பியை அடித்தார்கள்.
"சவரி சார், இவனை வேற எங்கயாவது போடுங்க"
என்று ஒருவன்.
"இல்லாட்டி நாங்களே முடிச்சிர்றோம்"
என்று இன்னொருவன்.

நான் ஒரே ஆள். மூன்றாவது ராத்திரி தொடர்ந்து.
மாற்று வார்டர் பொன்னழகு விடுப்பில் இருந்தான்.
மஞ்சள்காமாலை என்றாள் அவன் சம்சாரம்.
அவன் என்ன குடித்தான் என்று
எங்களுக்குத் தெரியும்.
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனேன்.
முழங்காலில் ஒன்று.
சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் ஒரு குரல்:
"ஒன்மோர்."
தோளில் ஒன்று.
"ஒன்மோர்."
மூன்றாவது எங்கே விழுந்தது என்று
நான் பார்க்கவில்லை.
அங்கே கை தட்டினார்கள்.

எழுதினேன்:
குளியலறையில் வழுக்கி விழுந்தார்.
'ர்' போட்டேன்.
அதுவரை அவன் பேருக்கு யாரும்
'ர்' போட்டு எழுதியதில்லை.

புதன்கிழமை சிவகங்கையில் மனநல டாக்டர்.
எஸ்கார்ட் போலீஸ் தேர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டது.
அதனால் நான்.
ஒரே விலங்கு. அவன் வலது கை, என் இடது கை.
காளையார்கோவில் தாண்டும்போது
தூங்கி என் மேல் சாய்ந்தான்.
அடிபட்ட தோள் இதுவா, அதுவா என்று
சிவகங்கை வரும்வரை அசையாமல் இருந்தேன்.

"தூக்கம் வருதா?"
இல்லை.
"சாப்பாடு?"
இறங்க மாட்டேங்குது.
"யாரையாவது அடிக்கணும்னு தோணுதா?"
அடிச்சுட்டேன் டாக்டர்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தார்.
அப்போதுதான் உறைத்தது,
சேவுகன் வாயே திறக்கவில்லை என்று.

சீட்டு ஒன்றுதான் எழுதினார். அதில் அவன் பேர்.
"உங்களுக்கும் எழுதட்டுமா?"
"வேண்டாம்மா. ஆபீசுக்குத் தெரிஞ்சா
வேலையைப் பத்தி வேற மாதிரி பேசுவாங்க."
அவர் வற்புறுத்தவில்லை.
வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

ராத்திரி மாத்திரை கொடுத்து
வாயைத் திறந்து காட்டச் சொன்னேன்.
நாக்கைத் தூக்கியும் காட்டினான். ஒன்றுமில்லை.

ஒரு மணி இருக்கும்.
கம்பி வழியாக ஒரு கை வந்தது.
உள்ளங்கையில் எச்சில் ஈரத்தோடு
பாதி கரைந்த மாத்திரை.
நாற்பத்தெட்டு நாளில் அவன் பேசியது அதுதான்:
"நீ போட்டுக்க சார்.
கொஞ்சம் கண்ணசரு. நான் பாத்துக்கறேன்."
பிறகு திரும்பிப்
படுத்திருந்தவர்களை விரல் நீட்டி எண்ணினான்,
உதடு அசைய, ஒருவர் விடாமல்.

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
தூங்கவில்லை. ஆனால்
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
பாராவில் உட்காரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை
காக்கிப் பையில் வெள்ளையாய் அப்பியிருந்ததை
நகத்தால் சுரண்டியபடி ரெஜினா கேட்டாள்,
"என்னங்க, சுண்ணாம்பா?"

"சுவத்துல சாஞ்சிருப்பேன்" என்றேன்.